பிளக் பொயின்ற் பழுதானால்: பேஸை நீங்களே மாற்றுவதா, ஆள் பிடிப்பதா, லைனையே புதிதாக இழுப்பதா?

"அண்ணை, குசினிப் பிளக் பொயின்ற் வேலை செய்யுதில்லை. பேஸை மட்டும் மாத்தினால் காணுமோ, இல்லாட்டி நீங்கள் வந்து பாக்க வேணுமோ?"

மல்லாவிப் பக்கம் வயரிங் வேலை செய்கிற எனக்கு அடிக்கடி வருகிற கேள்வி இது. பேஸ் என்பது சுவரில் பிளக்கைக் குத்துகிற ஓட்டைகள் உள்ள முகப்பு. கேட்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் யோசித்து இழுபட்ட பிறகுதான் அழைக்கிறார்கள். அதற்குள் சாமி அறையிலிருந்து எக்ஸ்ரென்சன் வயர் ஒன்று குசினிக்கு வந்து பிரிட்ஜில் ஏறியிருக்கும். நடுவில் கதவு ஒவ்வொரு முறை சாத்தும்போதும் அந்த வயர் நிலையோடு நசிபடும்.

எங்கள் பக்கத்து வீடுகளின் கதையைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. வன்னியில் இன்று இருக்கும் கல்வீடுகளில் பெரும்பாலானவை 2009இல் போர் முடிந்த பிறகு எழும்பியவை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கிடைத்தது. அத்திவாரம், சுவர், கூரை என்று முடிப்பதற்குள்ளேயே பலருடைய நகை அடைவுக்குப் போய்விட்டது. வயரிங் கடைசி வேலை, கையில் மிஞ்சியதை வைத்துச் செய்த வேலை. சுவருக்குள் ஓடும் வயரை யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் அதில்தான் மிச்சம் பிடித்தார்கள். நாலு லைற், ஒரு ரீவி என்று கணக்குப் போட்ட அந்த வீடுகளில் இப்போது பிரிட்ஜ், ரைஸ் குக்கர், கேத்தில், கிணற்று மோட்டர் எல்லாம் ஓடுகின்றன. அதனால் பழுது பேஸில் தெரிந்தாலும் காரணம் சில வேளை சுவருக்குள் இருக்கிறது.

உங்கள் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். அந்தப் பொயின்றை விட்டுவிட்டு மல்ரி பிளக்கில் சமாளிப்பது, பேஸை நீங்களே மாற்றுவது, மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுவது, அந்த லைனையே புதிதாக இழுப்பது. எது சரி என்பது கீழே சொல்பவற்றைப் பொறுத்தது.

எதை வைத்து முடிவெடுப்பது

*பழுது எங்கே இருக்கிறது.* மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம், இதற்குப் பத்து நிமிடம் செலவழியுங்கள். முதலில், வேறு அறையில் நன்றாக எரிகிற மேசை விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து பழுதான பொயின்றில் குத்திப் பாருங்கள். விளக்கு எரிந்தால் பொயின்றில் கறன்ற் இருக்கிறது. பழுது உங்கள் சாமானில் அல்லது அதன் பிளக்கில். சதுரக்கால் பிளக்கின் உள்ளே சின்னதாக ஒரு பியூஸ் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அது எரிந்துபோனாலும் "பொயின்ற் செத்துப்போச்சு" என்றுதான் சொல்வார்கள். அதே அளவுப் பியூஸ் ஒன்றை வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. திரும்பவும் எரிந்தால் சாமானைத் திருத்தக் கொடுங்கள். வெள்ளித்தாளைச் சுற்றிப் போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பியூஸ் எரிந்து காப்பாற்ற வேண்டிய இடத்தில் வயரே எரியும்.

ஆனால் விளக்கு எரிகிறது, கேத்திலைப் போட்டால் விட்டு விட்டு வேலை செய்கிறது அல்லது பேஸ் சூடாகிறது என்றால் அது வேறு கதை. உள்ளே எங்கேயோ இணைப்புத் தளர்ந்திருக்கிறது. சின்னச் சுமையைத் தாங்கும், பெரிய சுமையில் சூடேறும். பேஸைச் சுற்றிப் பழுப்புக் கறை, பிளக் காலில் கருமை, "சிர்" என்ற சத்தம், மீன் நாற்றம் போன்ற ஒரு மணம் ஆகியவை இதன் அடையாளங்கள். அந்த மணம் பேஸின் பிளாஸ்ரிக் சூடாவதால் வருவது. குசினியில் கருவாடு கிடக்கிறதென்று நினைத்து நாள்கணக்கில் தேடிய வீடுகள் உண்டு.

அடுத்து, மற்றப் பொயின்றுகளைப் பாருங்கள். லைற் எரிகிறது, பொயின்றுகள் எல்லாம் வேலை செய்யவில்லை என்றால் பிரேக்கர் விழுந்திருக்கும். ஒரே சுவரில் இருக்கும் இரண்டு மூன்று மட்டும் செத்திருந்தால், அவற்றுக்குப் போகும் வயர் எங்கேயோ ஒரு பேஸில் கழன்றிருக்கும். நீங்கள் பார்க்கிற பேஸ் குற்றவாளி அல்ல. வீடு முழுக்க இருட்டு, அயலில் வெளிச்சம், உங்கள் சுவிச்சுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்றால் மின்சார சபையின் 1987க்கு அழையுங்கள். மீற்றர் வரை அவர்கள் பொறுப்பு, மீற்றருக்கு இந்தப் பக்கம் எங்கள் பொறுப்பு.

*சுமை.* 13 அம்பியர் பொயின்ற் ஒன்று 230 வோல்ற்றில் தாங்கக்கூடியது ஏறத்தாழ 3,000 வாற்ஸ். போன் சார்ஜருக்குச் சொல்லும் தீர்வு 2,000 வாற்ஸ் கேத்திலுக்குப் பொருந்தாது.

*ட்ரிப் சுவிச்.* கறன்ற் கசிந்தால் தானே விழுந்து கறன்ற்றை நிறுத்துகிற ட்ரிப் சுவிச்சில் உள்ள 'T' பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் கீழே உள்ள இரண்டாவது வழியை மறந்துவிடுங்கள், முதலில் அதை மாற்ற வேண்டும். இன்னொன்றையும் மனதில் வைத்திருங்கள். வீடுகளுக்குப் போடும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் ஆளைக் கறன்ற் பிடிப்பதிலிருந்து காக்கத்தான் இருக்கிறது. தளர்ந்த இணைப்பில் ஏறும் சூட்டை அது கண்டுபிடிக்காது. "ட்ரிப் விழயில்லைத்தானே, அப்ப பிரச்சினையில்லை" என்று சொல்லிக்கொண்டே பேஸை எரிய விட்டவர்கள் இருக்கிறார்கள்.

*தூரம், காசு, வீட்டில் இருப்பவர்கள்.* மாங்குளத்திலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ உள்ளூர்களுக்கு ஒருவர் வந்துபோவதற்கே அரை நாள் போகும். தவழ்கிற குழந்தையோ தனியாக இருக்கும் வயதானவரோ உள்ள வீட்டில், திறந்து கிடக்கும் பேஸை ஒரு நாள்கூட விட முடியாது.

வழி 1: விட்டுவிட்டு மல்ரி பிளக்கில் சமாளிப்பது

ஓரிரு நாளுக்கு, போன், விளக்கு, ரீவி போன்ற சின்னச் சுமைக்கு, பழுதான பேஸில் சூடோ மணமோ கறையோ இல்லாதபோது இது சரி. அந்தப் பொயின்றின் சுவிச்சை நிறுத்தி மேலே ரேப் ஒட்டி விடுங்கள். சூடும் மணமும் இருந்தால் சுவிச்சை நிறுத்துவது போதாது, அந்த லைனின் பிரேக்கரையே கீழே இறக்க வேண்டும். ஏனென்றால் தளர்ந்தது பேஸின் பின்புறத் திருகாணி என்றால், அங்கே தொட்டுக்கொண்டு அடுத்த பொயின்றுக்குப் போகும் கறன்ற் சுவிச்சை நிறுத்திய பிறகும் அதே இடத்தால் ஓடும்.

இந்த வழி இலவசம் என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை நான்கில் அதிகம் செலவு வைப்பது இதுதான்.

மலிவான எக்ஸ்ரென்சன் கோட்டில் இருக்கும் வயர் மிக மெல்லியது. பிரிட்ஜும் ரைஸ் குக்கரும் ஒன்றாக ஏறினால் சூடேறும். மிஞ்சிய வயரை அழகாகச் சுருட்டிக் கட்டி வைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் கூடும். அப்புறம், நல்ல பொயின்ற் ஒன்றில் இரண்டு பேருடைய சுமை ஏறுகிறது. ஆறு மாதத்தில் அதுவும் தளரும். பிரிட்ஜுக்குப் போகும் இணைப்பு ஒழுங்காகத் தொடாமல் விட்டு விட்டுக் கறன்ற் போனால் கொம்பிரசர் அடிபடும். ஒரு பேஸின் விலைக்குப் பயந்து கொம்பிரசரை இழப்பது நடந்துகொண்டே இருக்கிறது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, இரண்டு கால் பிளக்கை மூன்று ஓட்டைப் பேஸில் குத்துகிற பழக்கம். மேல் ஓட்டைக்குள் பேனை மூடியையோ ஈர்க்கையோ விட்டு அமத்திப் பிடித்துக்கொண்டு, கீழே வட்டக்கால் பிளக்கைத் திணிப்போம். எல்லா வீட்டிலும் செய்கிற வேலை இது. மேல் ஓட்டை எர்த்துக்கு, அதாவது கசியும் கறன்ற்றை மண்ணுக்குக் கொண்டுபோகும் வயருக்கு உரியது. அதில் கால் நுழையும்போதுதான் கீழ் ஓட்டைகளின் கதவு திறக்கும்படி அந்தப் பேஸைச் செய்திருக்கிறார்கள், குழந்தையின் கை போகாமல் இருக்க. ஈர்க்கு விட்டு விட்டுக் கதவு உடைகிறது. சதுரக்காலுக்கென்று செய்த தகடுகள் வட்டக்காலால் விரிந்துபோகின்றன. பிறகு அதே பேஸில் சதுரக்கால் பிளக்கைக் குத்தினால் ஆடும், ஆடுகிற இடத்தில் பொறி பறக்கும், பொறி பறக்கிற இடம் கருகும். எனக்குக் காட்டப்படும் எரிந்த பேஸ்களில் பலவற்றின் கதை இந்த ஈர்க்கில்தான் தொடங்குகிறது. சார்ஜருக்கு ஒரு கொன்வேட்டர் பிளக் வாங்கி வைத்தால் பேஸ் நீண்ட காலம் நிற்கும்.

வழி 2: பேஸை நீங்களே மாற்றுவது

இது எல்லோருக்கும் உரிய வேலை என்று சொல்ல மாட்டேன், யாருமே தொடக்கூடாத வேலை என்றும் சொல்ல மாட்டேன். ட்ரிப் சுவிச் ஒழுங்காக விழுகிற வீட்டில், பேஸின் முகம் மட்டும் உடைந்தோ சுவிச் இறுகியோ தளர்ந்தோ இருக்கும்போது, நிதானமாக வேலை செய்யக்கூடிய ஒருவர் செய்யலாம். நனைந்த சுவர், கருகிய வயர், விழாத ட்ரிப் சுவிச் இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

செலவு ஒரு பேஸின் விலை மட்டும். எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரை உள்ளதையே வாங்குங்கள். கையில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். நல்ல பேஸ் கனமாக இருக்கும், பின்புறத் திருகாணிகள் பித்தளையாக இருக்கும், பிளக்கைக் குத்தினால் இறுக்கிப் பிடிக்கும். மலிவானதில் திருகாணியை இறுக்க இறுக்கப் புரி கழன்றுவிடும். அந்த மிச்சத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

பகல் வெளிச்சத்தில், காலில் செருப்போடு, காய்ந்த நிலத்தில் நின்று செய்யுங்கள். மெயின் சுவிச்சை நிறுத்துங்கள், வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லுங்கள். யாராவது வந்து "கறன்ற் இல்லையே" என்று தூக்கிவிடுவதுதான் இந்த வேலையில் உள்ள பெரிய ஆபத்து. சுவிச்சின் மேல் ஒரு ரேப் ஒட்டிவிடுவது நல்லது. சோலர் இன்வேட்டரோ ஜெனரேற்றரோ உள்ள வீட்டில் மெயினை நிறுத்தினாலும் வேறு வழியால் கறன்ற் வரலாம், அதையும் நிறுத்த வேண்டும்.

கறன்ற் இருந்தால் எரிகிற ரெஸ்ரரை நம்புவதற்கும் ஒரு முறை இருக்கிறது. மெயினை நிறுத்தும் முன் கறன்ற் உள்ள பொயின்றில் வைத்து அது எரிகிறதா பாருங்கள். நிறுத்திய பிறகு பழுதான பேஸின் இரண்டு ஓட்டையிலும் பாருங்கள், கழற்றிய பிறகு திருகாணிகளிலும் பாருங்கள். வேலை முடிந்து மெயினைப் போட்டதும் ரெஸ்ரர் இன்னும் எரிகிறதா என்று உறுதிசெய்யுங்கள். பழுதான ரெஸ்ரர் எரியாமல் இருப்பதை வைத்துக் கறன்ற் இல்லை என்று நம்பித் தொட்டவர்கள் உண்டு.

பேஸின் இரண்டு திருகாணிகளையும் கழற்றி மெதுவாக முன்னால் இழுத்ததும், எதையும் கழற்ற முன் போனில் ஒரு படம் எடுங்கள். பல பேஸ்களில் ஒவ்வொரு திருகாணிக்குக் கீழும் இரண்டு வயர் இருக்கும். ஒன்று வருவது, மற்றது அடுத்த பொயின்றுக்குப் போவது. "இது மேலதிகம்" என்று ஒன்றை வெளியே விட்டால் அடுத்த அறை இருட்டாகும். பழைய வயரில் சிவப்பு லைவ், கறுப்பு நியூற்றல், பச்சை எர்த். புதியவற்றில் மண்ணிறம் லைவ், நீலம் நியூற்றல், பச்சை மஞ்சள் எர்த். ஒரே வீட்டில் இரண்டும் கலந்திருக்கும். நிறத்தை மட்டும் நம்பாமல், பழைய பேஸில் எந்த எழுத்துக்கு நேரே எந்த வயர் இருந்ததோ, புதியதிலும் L, N, E என்ற அதே எழுத்துக்கு நேரே போடுங்கள்.

வயரின் நுனி கறுத்திருந்தால், பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டி, இழைகளை முறுக்கி, இரண்டாக மடித்து உள்ளே விட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் அது இறுகவில்லை. எர்த்தை விட்டுவிட்டுப் பூட்டினாலும் பொயின்ற் வேலை செய்யும், அதனால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் பிரிட்ஜின் கதவு கையை உதறும். முடிந்ததும் மெயினைப் போட்டு ரெஸ்ரரை வைத்தால், எர்த் ஓட்டை மேலே இருக்கும்படி நேரே நின்று பார்க்கும்போது வலப்பக்க ஓட்டையில்தான் வெளிச்சம் வர வேண்டும்.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கு விசுவமட்டில் பெரியம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த பேஸைத் தம்பி கடையில் வாங்கிவந்து தானே மாற்றியிருந்தான். மூன்று மாதத்தில் புதிய பேஸும் பழுப்பானது. நான் போய்க் கழற்றினேன். சிவப்பு வயரின் மேலுறை விரல் பட்டதும் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கி உதிர்ந்தது. வெட்டிப் பார்த்தேன், இரண்டு அங்குலம் உள்ளேயும் கறுப்பு. அதற்குமேல் வெட்ட வயரில் நீளம் இல்லை, குழாய்க்குள் மறைந்துவிட்டது. அந்தப் பேஸ் குற்றமற்றது. லைற்றுக்குப் போடும் மெல்லிய வயரில் பொயின்றை எடுத்துவிட்டிருந்தார்கள். உள்ளே நொறுங்குகிற உறையைக் கண்டால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல், பிரேக்கரை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

வழி 3: வேலை தெரிந்தவரைக் கூப்பிடுவது

ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட பொயின்ற் செத்திருந்தால், சுவர் நனைந்திருந்தால், அல்லது உங்களுக்குக் கொஞ்சமேனும் பயம் இருந்தால் இதுதான் வழி. வாடைக்காற்றோடு வரும் மாரி மழை வடக்கு, கிழக்குச் சுவர்களை ஊற வைக்கும். பூச்சு வெடித்த சுவரில் உள்ள பெட்டிக்குள் ஈரம் இறங்கி ட்ரிப் விழும். கோடையில் குளவி ஓட்டைக்குள் மண் வைத்து அடைக்கும், பல்லி உள்ளே போய்ச் செத்துக் கிடக்கும், எறும்பு கூடு கட்டும். இவற்றை ஒருவர் வந்து திறந்து துடைத்தாலே பாதிப் பழுது போய்விடும்.

ட்ரிப் விழுகிற பழுதில், ஆள் வருவதற்கு முன் நீங்கள் ஒரு வேலை செய்து வைக்கலாம். எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு ட்ரிப்பைத் தூக்குங்கள். நின்றால் சாமான்களை ஒவ்வொன்றாகக் குத்துங்கள். எதைக் குத்தும்போது விழுகிறதோ அதில்தான் கசிவு. பெரும்பாலும் அயன் பொக்ஸ் அல்லது மோட்டர். ஒன்றுமே குத்தாமல் விழுந்தால் வயரில் பழுது. இந்த ஒரு தகவல் எங்களுக்கு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும், உங்களுக்குக் கூலியை மிச்சப்படுத்தும்.

யாரைக் கூப்பிடுவது? என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் உள்ளவரா என்று கேட்பதில் வெட்கம் இல்லை. அறிவியல் நகரில் உள்ள ஜெர்மன் ரெக்கிலும் மற்றத் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் படித்த பிள்ளைகள் இப்போது ஊர்களில் இருக்கிறார்கள். சான்றிதழ் இல்லாமல் இருபது வருடம் ஒழுங்காக வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. வந்தவர் செய்கிற வேலையைப் பாருங்கள். பேஸை மாற்றிவிட்டு, ஏன் எரிந்தது என்று பார்க்காமல் கிளம்பினால் அது பாதி வேலை. சுவருக்குள் வயரை முறுக்கி ரேப் சுற்றி மூடினால் அது வேலையே இல்லை. பிரேக்கர் விழுகிறது என்பதற்காகப் பெரிய பிரேக்கர் போட்டுத் தருகிறேன் என்று சொன்னால் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள். வயரைக் காக்கத்தான் பிரேக்கர் இருக்கிறது. வயர் அதே மெல்லியது, பிரேக்கர் மட்டும் பெரிது என்றால் அடுத்த முறை விழப்போவதில்லை, வயர்தான் எரியும்.

மறைந்த செலவு போக்குவரத்து. ஒரு பேஸுக்காக முழங்காவிலுக்கோ நெடுங்கேணிக்கோ ஒருவர் வந்தால் பேஸின் விலையை விட எண்ணெய்க் காசும் கூலியும் கூட. உயிருக்கு ஆபத்தில்லாத சின்னப் பழுதுகளைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் செய்விப்பது நல்லது: ஆடுகிற சுவிச், எரியாத ஹோல்டர். அயலில் இரண்டு வீட்டுக்காரர் சேர்ந்து கூப்பிட்டால் இன்னும் குறையும்.

வழி 4: லைனையே புதிதாக இழுப்பது

கேட்டதும் மலைப்பார்கள். முழு வீட்டையும் சொல்லவில்லை. அதிகம் உழைக்கிற லைன் ஒன்று இரண்டை மட்டும் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் அவை குசினியும் கிணற்று மோட்டரும்.

மோட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்வாசல் சுவரில் இருக்கும் சாதாரணப் பொயின்றில் மோட்டரைக் குத்தி, வளவால் வயரை இழுத்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோவதுதான் இங்கே வழக்கம். மோட்டர் கிளம்பும் அந்த நொடியில், ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்து ஆறு மடங்கு கறன்ற்றை இழுக்கும். ஒரு நாளைக்குக் குளிக்க, கன்றுக்குத் தண்ணீர் விட, ராங்கி நிரப்ப என்று நாலைந்து தரம் போட்டு நிறுத்துவோம். ஒவ்வொரு தரமும் பேஸின் தகட்டில் ஒரு பொறி. அதனால் பின்வாசல் பேஸ்தான் எல்லா வீட்டிலும் முதலில் போகிறது. அதையே ஆண்டுக்கு ஒரு தரம் மாற்றிக்கொண்டிருப்பதை விட, மோட்டருக்கெனத் தனி வயர், தனிப் பிரேக்கர், ட்ரிப் சுவிச்சுக்குக் கீழே தனிச் சுவிச் என்று ஒரு முறை செய்துவிடுவது மலிவு. தண்ணீரும் கறன்ற்றும் ஒன்றாக இருக்கும் இடம் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

பொயின்றுகளுக்கு 7/0.67 வயர், அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர், போட வேண்டும். லைற்றுக்குரிய 1/1.13 வயர் 1 சதுர மில்லிமீற்றர்தான். கடையில் விலை வித்தியாசம் நன்றாகத் தெரியும், பழைய வீடுகளில் இந்த இடத்தில்தான் ஏமாந்திருக்கிறோம். 2.5 வயரைத் தனி லைனாக இழுத்தால் 20 அம்பியர் பிரேக்கர். சுவர் வெட்டி உள்ளே விடுவதென்றால் மேசன், பூச்சு, பெயின்ற் என்று செலவு நீளும். மேலால் பி.வி.சி. கேசிங், அதாவது வயரை மூடும் பிளாஸ்ரிக் உறை, அடித்தால் அந்தச் செலவு இல்லை. பார்வைக்குக் கொஞ்சம் குறை, ஆனால் பிறகு திறந்து பார்க்கலாம். எனக்குப் பிடித்தது கேசிங்தான்.

முடிந்ததும் மெகர், அதாவது வயரின் உறையைச் சோதிக்கும் கருவி, வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 500 வோல்ற்றில் சோதிக்கும்போது வயரின் உறை குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். புதிய வயர் அதைவிடப் பல மடங்கு காட்டும். அதோடு எர்த் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆடி ஆவணியில் எங்கள் மண் வெடித்துக் காயும்போது எர்த் பலவீனமாகும். குளியலறைத் தண்ணீர் ஓடுகிற பக்கத்தில் கம்பியை இறக்கியிருந்தால் கோடையிலும் ஈரம் இருக்கும்.

இது யாருக்குப் பொருந்தாது? வாடகை வீட்டில் இருப்பவருக்கு, அல்லது ஓரிரு வருடத்தில் வீட்டை இடித்துப் பெருப்பிக்க நினைப்பவருக்கு. அவர்கள் மூன்றாவது வழியோடு நிற்கலாம்.

| | கைக்காசு | எப்போது நல்லது | பின்னால் வரும் செலவு |
|---|---|---|---|
| மல்ரி பிளக் | மிகக் குறைவு | ஓரிரு நாள், சின்னச் சுமை, சூடு மணம் இல்லாதபோது | நல்ல பொயின்றும் பழுதாகும், பிரிட்ஜ் அடிபடும், தீ |
| நீங்களே மாற்றுவது | பேஸின் விலை | முகம் மட்டும் பழுது, வயர் சுத்தம், 'T' அழுத்தினால் ட்ரிப் விழுகிறது | எர்த் விடுபடுதல், தளர்ந்த திருகாணி |
| ஆள் பிடிப்பது | கூலி, போக்குவரத்து | ட்ரிப் அடிக்கடி விழுதல், ஈரம், பல பொயின்ற் | காரணம் பார்க்காமல் போனால் மீண்டும் கூலி |
| புதிய லைன் | கூடியது | கருகிய அல்லது மெல்லிய வயர், மோட்டர், குசினி | சுவர் வெட்டினால் பூச்சு, பெயின்ற் |

பெரியம்மா வீட்டில் நாங்கள் எடுத்தது நான்காவது வழி, ஆனால் குசினிக்கு மட்டும். ஒரு பகலில் கேசிங் அடித்து, பிரிட்ஜுக்கு ஒரு பொயின்ற், குக்கருக்கும் கேத்திலுக்கும் இரட்டைப் பொயின்ற் ஒன்று. பழைய வயரைப் பிரேக்கரிலிருந்தே கழற்றி விட்டோம். மற்ற அறைகளின் பேஸ்களைத் திறந்து பார்த்தேன். அங்கே சுமை இல்லாததால் வயர் நன்றாகவே இருந்தது, திருகாணிகளை இறுக்கியதோடு விட்டேன்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர் வீட்டுக்காகக் கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பூட்டிக் கிடக்கும் வீட்டில் மெயினை நிறுத்திவிட்டுப் போகச் சொல்லுங்கள். திரும்பத் திறக்கும் நாளில் குளவி மண்ணும் பல்லியும் இருக்கிறதா என்று பேஸ்களைப் பார்த்த பிறகு போடலாம்.

அழைக்கும்போது இவற்றைச் சொல்லுங்கள்: வீடு கட்டி எத்தனை வருடம், அந்தப் பொயின்றில் என்ன சாமான் ஓடியது, சூடோ மணமோ இருந்ததா, மற்றப் பொயின்றுகள் வேலை செய்கின்றனவா, 'T' பொத்தானை அழுத்தினால் ட்ரிப் விழுகிறதா. மெயின் பெட்டியைத் திறக்காமல் வெளியிலிருந்து ஒரு படம், பேஸின் முகத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்தே எவ்வளவு நீள வயர், எந்தப் பேஸ், என்ன பிரேக்கர் என்று கடையில் எடுத்துக்கொண்டு ஒரே ஓட்டத்தில் வந்துவிடலாம்.